வெறும் பஞ்சு

“அம்மா, நீ திருடினியா?”

ஐந்து வயதில் மகள் கேட்டது. நான்கு வருஷமாகியும் செங்கமலத்தின் நெஞ்சில் அது ஆறவில்லை.

வேலை பார்த்த குவார்ட்டர்ஸில் வெள்ளி டம்ளர் காணோம் என்று, வீட்டுக்காரி சுப்புலட்சுமி அவளை வாசலில் நிறுத்தி, பிளாக்கே பார்க்க முந்தானையை உதறச் சொன்னாள். மறுநாள் டம்ளர் அரிசி டிரம்மில் கிடைத்தது. அதை மட்டும் சுப்புலட்சுமி பிளாக்கில் யாருக்கும் சொல்லவில்லை.

இன்று லேடீஸ் கிளப்பில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். செங்கமலம் அங்கே கான்ட்ராக்ட் ஆயா.

கூச்சப்படும் பெண்களுக்காக ஒரு ஏற்பாடு. திரைக்குப் பின்னால் போய்த் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, சீசாவில் போட்டுத் தரலாம். சோதனையில் வெறும் பஞ்சு என்று தெரிந்தால் மட்டும் நர்ஸ் காந்திமதி விடமாட்டார். வீடு தேடிப்போய் அழைத்துவந்து, மேசையில் படுக்கவைத்துத் தாமே எடுப்பார்.

சுப்புலட்சுமி வந்தாள்.

தீட்டு நின்ற பிறகும் ரத்தம் படுகிறதா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றாள். எழுந்து நடந்தபோது அவள் சேலையின் பின்புறத்தில் சிவப்பாக ஒரு கறை. செங்கமலம் மட்டும் பார்த்தாள்.

திரையருகே சீசாவைச் செங்கமலத்தின் கையில் திணித்தாள் சுப்புலட்சுமி.

“ஏளா செங்கமலம், எனக்கு இதெல்லாம் ஆகாது. நீயே எடுத்து என் பேர்ல வச்சிரு. ஒனக்குத்தான் வெக்கம் மானம் கெடையாதே!”

“குடுங்கம்மா.”

போன வாரம்தான் செங்கமலத்துக்குக் குறை ஒன்றுமில்லை என்று சீட்டு வந்திருந்தது. அவள் எடுத்து வைத்தால் சுப்புலட்சுமிக்கும் அதே சீட்டு வரும். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். உள்ளே இருப்பது சத்தமில்லாமல் தின்னும்.

தின்னட்டும். கேட்டது அவள்தானே? எந்தச் சாமி என்னைக் குற்றம் சொல்லும்?

திரையை இழுத்து மூடினாள். உறையைக் கிழித்துக் குச்சியை எடுத்தாள்.

சேலையைத் தூக்கப் போனவள், பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு, எங்கும் படாத அந்தப் பஞ்சை அப்படியே சீசாவில் இறக்கி மூடினாள்.

டம்ளரை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் அதே மகளுக்கு மஞ்சள்காமாலை கண்டபோது, சித்திரை வெயிலில் பதினோரு நாள், குடிசை வாசல்வரை தூக்குவாளியில் மோர் கொண்டுவந்ததும் இந்தச் சுப்புலட்சுமிதான்.