எட்டுத் தங்கம், ஒரு கறுப்பு

மணல் பரப்பி, நீர்ச்செடிகள் நட்டு, அவை வேர்பிடிக்க ஒரு மாதம் காத்திருந்து, கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு காட்டையே எழுப்பியிருந்தாள் எழிலரசி. மீன்களை மட்டும் மாமியார் தீர்மானித்தாள்.

"எட்டுத் தங்க மீன் வாங்கு."

"செடிய வேரோட பிடுங்கிரும் அத்தை."

"பிடுங்கட்டும், தங்கம்ல. கூட ஒரு கறுப்பு மீன் போதும். வீட்டுத் திருஷ்டிய எல்லாம் வாங்கிக்கிட்டு அது செத்துரும்."

மணமாகி வந்த நாள்முதல் அவ்வீட்டில் பால் திரிந்தாலும் பழி எழிலரசியின் நிறத்தின்மீதே விழுந்தது.

மறுநாள் அவள் கடையிலிருந்து கொண்டுவந்த பையை அவிழ்த்து மீன்களைத் தொட்டிக்குள் விட்டாள். ஒன்பது மீன்கள், ஒன்பதும் கறுப்பு.

"இதுல எதுடி நமக்காகச் சாகப்போகுது?" என்று பதறினாள் மாமியார்.

"எதுவும் இல்ல அத்தை. அந்த வேலைய நாங்க விட்டுட்டோம்" என்றபடி எழிலரசி தொட்டியின் விளக்கைப் போட்டாள்.