ராட்காவின் வீட்டில் போட்ட பணம்

நான் திராட்சைத் தோட்டத்தை விற்ற பணம் முழுவதையும் மருமகன் ப்லாமென் வாங்கிக்கொண்டான். செத்துப்போன ராட்காவின் வீட்டை வாங்கி, புதுப்பித்து, விற்கப்போகிறானாம்.

“ஆறே மாசத்துல நூத்துக்கு இருபது மாமா. எந்த பேங்க்ல குடுப்பான்?”

“பேங்க்காரன் ஓடினா எங்க தேடணும்னாவது தெரியும் மாப்பிள்ளை.”

கதவில் ராட்காவின் படத்தோடு மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது. ப்லாமென் அதைச் சுரண்டி எடுத்தான். மறுநாள் புதிதாக ஒன்று இருந்தது. அவளுக்கு உறவென்று யாருமில்லை. ஆறு மாதமும் சுரண்டினான்.

வீட்டை வாங்க வந்தவர் முழுக்கப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவில் இருந்த படத்தைப் பார்த்து நின்றார்.

“அந்தம்மா இன்னும் காலி பண்ணலை போல” என்று காரில் ஏறிவிட்டார்.

“போட்டது திரும்பினாலே நியாயமான லாபம்தான் மாமா” என்றான் ப்லாமென்.

நான் அறிவிப்பைப் பார்த்தேன். படத்தில் ராட்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், போன வாரம் அந்த வீட்டுச் சுவரில் நான் பதித்த நீல டைல்ஸ்.