இன்னும் பச்சைதான்

"இன்னும் பச்சைதான்."

கமலாதேவி சொன்னதும் இரகுநாதன் மாஸ்டரின் முகம் கறுத்தது. மனைவியின் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைப் பறித்துக்கொண்டார்.

"வடிவாப் பார்த்துச் சொல்லும். மஞ்சள் இல்லையோ?"

"யன்னலடியில வச்சுத்தான் பார்த்தனான். பச்சை."

மலைநாட்டுப் பதுளையில் கடல் மீன் வளர்க்க வெளிக்கிட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று மாஸ்டர் நம்பினார். பென்சன் எடுத்த பிறகு வந்த ஆசை அது. பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி, மணலும் கல்லும் போட்டு, உப்புக் கலந்து தண்ணீர் நிரப்பியாயிற்று.

ஆனால் புதுத் தொட்டித் தண்ணீரில் முதலில் நஞ்சு ஊறும். அது அடங்கிய பிறகே மீன் விடலாம். அதற்காகத் தினமும் காலையில் கொஞ்சம் தண்ணீரைக் குழாயில் எடுத்து, மருந்துத் துளி விட்டுக் குலுக்கி, நிறம் பார்க்க வேண்டும். பச்சை என்றால் நஞ்சு. மஞ்சள் என்றால் நல்லது.

மாஸ்டருக்கோ பிறவியிலிருந்தே அந்த நிறங்கள் பிரித்துத் தெரியாது. கணக்குப் படிப்பித்தவருக்கு அது ஒரு குறையாகவும் இருக்கவில்லை. சட்டை முதல் சொக்ஸ் வரை பார்த்து எடுத்து வைப்பது கமலாதேவிதான். இப்போது தண்ணீரைப் பார்ப்பதும் அவர்தான்.

"உமக்கு இந்தத் தொட்டி வந்ததே விருப்பமில்லை. அதுதான் விசயம்."

"நான் அப்பிடிச் சொன்னனானே?"

"ஹோலுக்க நடக்க இடமில்லை, முட்டுப்படுது எண்டு அண்டைக்கே முணுமுணுத்தனீர்."

கமலாதேவி சோற்றைப் போட்டுக் கொடுத்தார்.

கறியைப் பிசைந்ததும் மாஸ்டருக்கு இன்னும் ஏறியது. வெலிமடை உருளைக்கிழங்கு. அங்கங்கே தோல்.

"என்ன இது? மாட்டுக்கோ வைக்கிறீர்? கண் தெரியேல்லையோ?"

கமலாதேவி தட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலால் தடவித் தடவித் தோலைப் பொறுக்கினார். மாஸ்டர் சாப்பிடாமலே எழுந்தார். ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினார்.

வளர்ப்பு மீன் கடை ஷாமில் அவரைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க மாஸ்டர். என்னா இது, ஒரு கால்ல பச்சை சொக்ஸ், மத்தக் கால்ல பிரவுன்? புது ஸ்டைலா?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. இதிலும் கமலா தன்னை நாலு பேர் சிரிக்க விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஷாமில், நீர் தந்த மருந்து பழுது. தண்ணி சரிவாற மாதிரித் தெரியேல்ல."

ஷாமில் போத்தலை வாங்கினார். தன் கடை மருந்தைத் துளி துளியாக விட்டுக் குலுக்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாஸ்டர், இது நல்ல மஞ்சளுங்க. உங்க தண்ணி எப்பவோ சரியாயிருக்கும். யாரு பார்த்துப் பச்சைன்னு சொன்னது?"

மாஸ்டர் போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"மீனை இன்னைக்கே கொண்டு போயிருங்க. பண்டாரவளையில ஒருத்தரு இதே ஜோடியக் கேட்டு நச்சரிக்கிறாரு. உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்."

பொலித்தீன் பையில் இரண்டு வரி மீன்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. மீன் கிடைத்த சந்தோசம் மட்டும் வரவில்லை. இவ்வளவு காலம் கூட இருந்தவள் ஏன் இப்படிச் செய்தாள்?

வீட்டுக்கு வந்து, தொட்டித் தண்ணீரின் குளிருக்கு மீன்கள் பழகட்டும் என்று பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்க விட்டார். பிறகு கண்ணாடிக் குழாயில் பைப்புத் தண்ணீரைப் பிடித்தார். மருந்து விடவில்லை. வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையைப் பிடிக்க அவர் வைக்கும் பொறி இப்படித்தான் இருக்கும்.

"கமலா, இஞ்ச வாரும். ஒருக்காப் பாரும்."

கமலாதேவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். குழாயை யன்னலுக்கு நேரே உயர்த்தினார். வெகுநேரம் பார்த்தார்.

"பச்சைதான். ஆனா நேற்றையைவிடக் குறைவு. யோசியாதேங்கோ, சரிவரும்."

"பிடிபட்டீர்! அதில மருந்தே விடேல்ல. வெறும் பைப்புத் தண்ணி. இவ்வளவு நாளும் எனக்குப் பொய்தானே சொன்னனீர்?"

கமலாதேவி "இந்தாங்கோ" என்று குழாயை நீட்டினார்.

நீட்டிய கை, மாஸ்டரின் கைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் இடத்தில் நின்றது.

மாஸ்டர் அசையாமல் நின்றார். அந்தக் கையும் அங்கேயே, அவர் வாங்குவார் என்று காத்து நின்றது.

"கமலா... நான் நிக்கிற இடம் தெரியுதோ?"

"நிழல் மாதிரித் தெரியுது. நிறந்தான் போயிட்டுது."

"எப்ப தொடக்கம்?"

"தொட்டி வாறதுக்கு முந்தியே. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள். கண்ணுக்க அழுத்தமாம். போனது இனித் திரும்பாதாம். மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாத்தலாமாம்."

"அப்ப ஏன் நெடுகப் பச்சை எண்டு சொன்னனீர்?"

"பச்சை எண்டா ஒண்டும் சாகாது. நான் மஞ்சள் எண்டு சொல்லி, அது பிழைச்சா, ஆசையா வாங்கிற உங்கட மீன் செத்துப்போமே."

தொட்டியில் பை மெல்லச் சுழன்றது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மனைவியின் கையைப் பிடித்து, குழாயை வாங்கி மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கமலா."

கமலாதேவியின் குரலில் கோபமே இல்லை.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் தண்ணி எப்பிடி இருக்கெண்டுதானே கேட்டனீங்கள்."