செங்கல் நிறத்தில் ஒரு பிளக்

"ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில கொடுங்க மாப்ளே, வண்டி ஓட்டினவர் ராத்திரி கண்ட கனவைக்கூடச் சொல்லிடுவேன்!" என்றார் ஓய்வுபெற்ற மெக்கானிக் மாமனார்.

"கண்ணாடியைத் தலையில வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுற மனுஷன்! எல்லாம் புருடா" என்று நொடித்தார் மாமியார்.

விருந்துக்கு வந்த இடத்தில் அந்த வீட்டு ஸ்கூட்டரை ஒரு வாரமாக ஓட்டிய மாப்பிள்ளை, வண்டி திக்குகிறது என்று வாயைக் கொடுத்ததன் வினை இது.

பிளக்கைப் பார்த்ததும் மாமனார் துள்ளிக் குதித்தார்.

"நல்ல பெட்ரோல்னா நுனி வெளிர் பழுப்பா இருக்கும். இது செங்கல் சிவப்பு! வேகம் கூட்டுற மருந்தை ஊத்திப் பந்தயம் விட்டிருக்கு!"

மாப்பிள்ளை பதறிப்போய் வாசற்படியில் நின்றவளைப் பார்த்தான். பைக் பந்தயத்தைத் தலைமுழுகினால்தான் கல்யாணம் என்று சொல்லிக் கட்டிக்கொண்டவள் அவன் மனைவி.

"நாளைக்கு நீங்க மட்டும் கிளம்புங்க. நான் வரலை" என்றாள் அவள்.

"சத்தியமா நான் எதையும் ஊத்தலை! அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்!"

மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மனுஷன் இன்னைக்குன்னு பார்த்து உண்மையைச் சொல்லித் தொலைச்சிட்டாரு. ஊத்தினது நான்தான்டி. எதிர்வீட்டுக்காரி தினமும் ஹாரன் அடிச்சு என்னை முந்திட்டுப் போனா, பார்த்துக்கிட்டிருக்கச் சொல்றியா?"