முதல் பாராட்டு

"சத்தமே இல்லாம வீடியோவை யாருங்க பார்ப்பாங்க?" என்றாள் மனைவி, தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டே.

"நீ ஒண்ணு! பஸ்ல, ஆபீஸ்ல, மீட்டிங்ல பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கறாங்க. நீ பேசறது கீழே எழுத்தா ஓடினா, உன் தையல் சேனல் எங்கேயோ போயிடும். நானே டைப் பண்ணித் தரேன்" என்றான் கணவன்.

"இனிமே போடறதுக்குப் பண்ணுங்க. பழசெல்லாம் எதுக்கு?"

"சும்மா இரு. எல்லாத்துக்கும் முதல் லைக் போடறவனே நான்தான்."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

போன மாதத்து வீடியோ ஒன்றைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பழைய கைப்பைக்கு ஜிப் மாற்றும் வீடியோ. அவள் விரல்கள் வழக்கம்போலத் துணியை மடித்து ஊசிக்கடியில் தள்ளின. குரல் மட்டும் தழுதழுத்தது.

"இன்னிக்குத் தையலைப் பத்திப் பேசலை. என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேர்ல ஆரம்பிச்சா 'அப்புறம் பேசலாம்'னுடறார். என் வீடியோவை மட்டும் ஒண்ணு விடாமப் பார்க்கறார். அதான் இதுல சொல்றேன். என்னங்க, கழுத்துல ஒரு கட்டி வந்திருக்கு. புதன்கிழமை டெஸ்ட். தனியாப் போக பயமா இருக்கு. கூட வரீங்களா?"

திரையைத் தள்ளினான். கீழே முகம் தெரியாத பெண்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள்: "எந்த ஆஸ்பத்திரி அக்கா? நான் வரேன்."

எல்லாவற்றுக்கும் மேலே, ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தபடி அவன் போட்ட கமென்ட் இருந்தது.

"பிரமாதமாப் பேசியிருக்கே! இதே மாதிரி தொடர்ந்து பண்ணு!"