கேட்காததைச் சொல்வானேன்?

"கேட்டா மறைக்கக் கூடாது. கேட்காததை நாமளா வாயைத் திறந்து சொல்லவும் வேண்டாம். வக்கீல் சொன்னது அவ்வளவுதான்," என்று மகன் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. அத்தைக்குப் புரிஞ்சுதான்னு கேளுங்க," என்றாள் மருமகள். சுவரில் இருந்த ஈரக்கறை மறையும்படி அவள் காலண்டரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். "போன தடவை வீடு பார்க்க வந்தவங்ககிட்ட மோட்டார் அலறும்னு சொன்னது என் தப்புதான். இன்னிக்கு வாயையே திறக்கல."

"வீடு போனாத்தாம்மா எங்களுக்குப் புது ஃபிளாட். உனக்கும் முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வெச்சாச்சு. ஜன்னலோரக் கட்டில்."

"ஜன்னல் வழியா என்ன தெரியும்?"

"பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரியும். இப்போ அதுவா முக்கியம்?"

அழைப்பு மணி அடித்தது.

வீடு பார்க்க வந்தவர் தனியாகத்தான் வந்திருந்தார். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை, சாதுவான முகம். இவரை மடக்குவது சுலபம் என்று மகனுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாடிப்படிக்குக் கீழே ஒழுகுமா, தம்பி?"

மகன் காலண்டரைப் பார்த்தான். "லேசா. அதுவும் பெரிய மழைன்னாத்தான்."

"பக்கத்து வீட்டுக்காரரோட மதில் தகராறு ஏதாவது உண்டா?"

"தகராறுன்னெல்லாம் இல்லீங்க. கோர்ட்டுல இருக்கு."

"பின்பக்கத்து அறை? அனுமதி வாங்கிக் கட்டினதா?"

"கட்டிட்டு வாங்கிக்கலாம்னு இருந்தோம்."

"கட்டியாச்சு போலிருக்கே."

"ஆமா. என் கல்யாணத்தப்போ."

ஒவ்வொரு பதிலுக்கும் விலை ஒரு படி இறங்கியது. மருமகள் சமையலறைக்குள் போய்ப் பல்லைக் கடித்தாள். "எமகாதகனா இருக்கானே! எழுந்து ஒரு அறையைக்கூடப் பார்க்கல. இங்கேயே குடியிருந்தவன் மாதிரி கேக்கறான்."

அம்மா டீயைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள்.

"சர்க்கரையே போடலையே, அத்தை. வந்தவங்களைக் கேட்டுட்டுக் கொடுக்க மாட்டீங்களா?"

"இருக்கட்டும்மா. எனக்கு இப்படித்தான் பிடிக்கும்," என்றார் வந்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு மகனிடம் திரும்பினார். "வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான். அப்பா போனதும் அம்மா எழுதிக் கொடுத்துட்டாங்க."

"மனசாரவா?"

கேள்வி மகனுக்குத்தான். ஆனால் அவர் அம்மாவைப் பார்த்தார். மகனும் அவளைப் பார்த்தான். இங்கே அம்மா முகம் சுளித்தால் புது ஃபிளாட் போச்சு.

"கண்ணு மங்கலா இருந்தப்போ கையெழுத்துப் போட்டேன். இப்போ வைத்தியம் பார்த்து எல்லாம் தெளிவாத் தெரியுது," என்றாள் அம்மா.

மகன் அவசரமாகச் சிரித்தான். "அம்மா எப்பவும் இப்படித்தாங்க, தமாஷ். வாராவாரம் தனியா பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவாங்க. எங்களை ஒரு நாள் கூட வரச் சொன்னதில்ல."

"சொன்னேன். உனக்கு நேரமில்ல," என்றாள் அம்மா. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர் எழுந்தார். "கடைசியா ஒண்ணு. சாவி வாங்கின பிறகு, போக மாட்டேன்னு யாரும் உள்ளே உட்கார்ந்துக்கக் கூடாது. எழுதிக் கொடுப்பீங்களா?"

"தாராளமா. நாங்க ரெண்டு பேரும் காலையிலேயே கிளம்பிடுவோம்."

"அம்மா?"

"அவங்களுக்குத் தனி ஏற்பாடு."

"நல்லது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டுட்டேன். நீங்க என்னைப் பத்தி ஏதாவது கேட்கணுமா?"

"பணம் எப்போ கிடைக்கும்?" என்றான் மகன். அது ஒன்றுதான் அவன் கேட்டான்.

பணம் சொன்ன நாளில் வந்தது. பத்திரம் பதிவானது. அடுத்த வாரம் சாமான் ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பிய பிறகு, மகன் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தான். மருமகள் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, உன் பெட்டி எங்கே?"

அம்மா சமையலறையில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றில் மட்டும் சர்க்கரை போட்டாள்.

"பெட்டி கட்டல."

"விளையாடாதேம்மா. உள்ளே யாரும் இருக்க மாட்டாங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். இவர் கேஸ் போட்டா நான்தான் போய் நிக்கணும்."

"நான் கேஸ் போடல. நீ கிளம்பு, தம்பி," என்றார் வீட்டுக்காரர். சர்க்கரை போடாத டம்ளரை அவரே எடுத்துக்கொண்டார். "கண் ஆஸ்பத்திரி பெஞ்சுல ஆரம்பிச்ச பேச்சு எங்களது. நீ வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டியே, அதே பதிவு ஆபீஸ், அடுத்த ஜன்னல். மறுநாள் நாங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்."

மகன் அவரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். குரல் கீச்சென்று வந்தது.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

அம்மா சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"நீ கேட்கலையேப்பா."