மூன்றாவது கியருக்கு முன்

அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கார் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற மறுத்தது. ஆயில் சுத்தமாக இருந்தது, கசிவும் இல்லை. மெக்கானிக் செல்வின் தானே ஓட்டிப் பார்த்தான். எஞ்சின் கத்தியதே தவிர கியர் விழவில்லை. சலித்துப்போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினான். உடனே மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காரின் சொந்தக்காரி ராபியத்திடம் கேட்டான்: “முன்னாடி இதை யாரும்மா ஓட்டினது?”

“எங்க வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவங்க. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டி போயிடுச்சுன்னுதான் இதை வாங்குனாங்க. நோன்புக்கு முந்தி தவறிட்டாங்க.”

செல்வின் வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினான். “பழக்கதோஷத்துல இதுலயும் ஒவ்வொரு கியருக்கும் காலைத் தூக்கியிருக்காரு. வண்டி அதைக் கத்துக்கிச்சு. இப்பவும் தூக்குவார்னு காத்துக்கிட்டு இருக்கு.”

பட்டறைக்குத் திரும்பியதும் பானெட்டைத் திறந்தான். “பேட்டரி ஒயரை அரை மணி நேரம் கழட்டி வச்சா, இதோட கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மறந்துரும். அப்புறம் உங்க காலைப் பழகிக்கும்.”

“அரை மணி நேரம் போதுமா தம்பி, மறக்கறதுக்கு?”

அவன் ஸ்பேனரை ஒயரில் வைக்கும் முன், ராபியத் பானெட்டைத் தானே இறக்கி மூடினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் எஞ்சின் மறுபடி கத்தத் தொடங்கியது. அவள், இருக்கையில் ஒருவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவதுபோல, மெல்லக் காலைத் தூக்கினாள்.